ஆங்கில 'பாரோ'வை (borrow) பிள்ளைக்குப் புரியவைப்பது எப்படி?

இரண்டாம் வகுப்பில் இருக்கும் என் மகள், பக்கத்து வீட்டுப் பையனிடம் "பாரோ மீ யுவர் ரப்பர்" என்று கேட்டாள். 'பாரோ என்றால் கடன் வாங்கு' என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் நான்தான். மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு பலித்த வழி இது.

படி 1: குடை
'கடன்' என்ற சொல்லைத் தள்ளிவையுங்கள். பிள்ளைக்குக் கடன் என்றால் காசுதான். 'இரவல்' என்று தொடங்குங்கள். அந்தச் சொல்லே தெரியாது என்கிறாளா? சரி, எதிர் வீட்டில் ஒரு குடை வாங்கி வரச் சொல்லுங்கள். மாலையில் அவள் கையாலேயே திருப்பிக் கொடுக்கட்டும். படம் போட்ட அட்டைகளை நான் நம்புவதில்லை. பொருள் திரும்பிப் போவதை அட்டையில் எப்படிக் காட்டுவது?

படி 2: சர்க்கரை
ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால், திருப்பித் தருவது அதே சர்க்கரை இல்லை, அதே அளவு. இதை இரவல் என்று சொல்ல மாட்டோம். அவசரத்துக்கு வாங்கும் நூறு ரூபாய் என்றால் கைமாற்று. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் பாரோதான்.

படி 3: திசை
நான் சறுக்கியது இங்கேதான். தமிழில் இரவல் வாங்குவோம், இரவல் கொடுப்போம். 'இரவல்' அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். விதியாகச் சொன்னபோது நன்றாகத் தலையாட்டினாள். ஐந்து நிமிடத்தில் பழைய குருடிதான்.

கடைசியில் ரப்பரை நடுவில் வைத்து விளையாடினோம். கேட்பவர் தன் நெஞ்சைத் தொட்டால் "கேன் ஐ பாரோ?" எதிரில் இருப்பவரைக் காட்டினால் "கேன் யூ லெண்ட் மீ?" கை எங்கே போகிறதோ அதற்கேற்ற சொல். பத்து முறை ஆடியதும் நாக்கு பழகிவிட்டது. "ஐ வில் லெண்ட் யூ" எல்லாம் ஒரு வாரம் போகட்டும், இப்போதே குழப்பாதீர்கள்.

பின்னர் சேர்த்தது: 42-இல் 17-ஐக் கழிக்க ஒரு பத்தைக் கடன் வாங்குகிறோமே (அதையும் பாரோ என்றுதான் சொல்கிறோம்), அதை எப்போது திருப்பித் தருவது என்று மகன் கேட்பதாக ஓர் அம்மா எழுதியிருந்தார். நியாயமான கேள்வி! அந்தப் பத்து திரும்பிப் போவதே இல்லை. நான்கு பத்துகளில் ஒன்றைப் பிரித்து, இரண்டு ஒன்றுகளைப் பன்னிரண்டு ஆக்குகிறோம், அவ்வளவுதான். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவன் எதிரில் அவிழ்த்துக் காட்டுங்கள். அந்த இடத்தில் பாரோ என்ற பேச்சே வேண்டாம். 'கட்டைப் பிரி' என்றால் போதும்.