யூடியூப் பறக்குது, கேம் மட்டும் லேக்: பிளானை மாற்றும் முன் படியுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் வேலையில் ஏழு வருடமாக இருக்கிறேன். புகார் என்று போனால் பாதி வீடுகளில் ஒரே பாட்டுதான்: "அண்ணா, யூடியூப் பறக்குது, கேம் மட்டும் லேக் ஆகுது." ரவுட்டரை அணைத்துப் போடுவது, கேபிள் செருகுவது எல்லாம் அவர்களே செய்து பார்த்திருப்பார்கள். அதனால் அவற்றை விட்டுவிட்டு, அடிக்கடி பார்க்கும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிங் குறையப் பெரிய பிளான் போடுவது

இதில் நானே காசு விட்டவன். அப்போது 40 எம்பிபிஎஸ் வேகப் பிளான், மேட்ச்சில் பிங் 72. பிங் என்றால் நம் சிக்னல் கேம் சர்வருக்குப் போய்வர ஆகும் மில்லிசெகண்ட்; குறையக் குறைய நல்லது. "300 போடுங்க தம்பி, பறக்கும்" என்றார் இணைப்பு கொடுத்தவர். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினேன். அன்று இரவு கேமின் அப்டேட் பறந்துதான் வந்தது. மேட்ச்சுக்குள் போனால் பிங் 71. அந்த ஒரு புள்ளியை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம், இரண்டும் வரும் இடம் வேறு. அப்டேட்டும் யூடியூப் வீடியோவும் சிடிஎன் வழியாக வருபவை. ஒரே கோப்பின் நகல்களைப் பல ஊர் சர்வர்களில் வைத்து, பக்கத்தில் இருப்பதிலிருந்து கொடுப்பார்கள். நமக்குப் பெரும்பாலும் சென்னை அல்லது பெங்களூரு. கிருஷ்ணகிரி மாங்கூழை டின்னில் அடைத்து ஊருக்கு ஊர் அடுக்கி வைக்கலாம். நடந்துகொண்டிருக்கும் மேட்ச்சை அப்படி அடுக்க முடியுமா? நீங்கள் சுட்டது யார் மேல் பட்டது என்று ஒரே சர்வர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அது மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும்.

ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வரவே 30 மில்லிசெகண்ட் காலி. நடுவில் ரவுட்டர்கள், சுற்றுவழிகள் வேறு. பிளானை ஏற்றினால் குழாய் அகலமாகும், தூரம் குறையாது. மேட்ச்சில் போய்வருபவை சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். 40 எம்பிபிஎஸ்ஸே அதற்கு அதிகம்.

ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்டையும் நீட்டாதீர்கள். அதுவும் பக்கத்து சர்வரைப் பிடித்துத்தான் அளக்கும்.

போன மாதம் பாலக்கோட்டில் ஒரு பையன், "அப்பா தக்காளிக் காசு வந்ததும் கட்டிடுவாரு, 300க்கு மாத்துங்கண்ணா" என்றான். பிளான் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கேமின் செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னேன். சர்வர் சிங்கப்பூர் என்று இருந்தது. மும்பைக்கு மாற்றினோம். 88 இருந்த பிங் 41 ஆனது. செலவு ஒரு டீ, அதையும் அவன் அம்மாதான் கொடுத்தார்.

டிஎன்எஸ்ஸை மாற்றினால் பிங் குறையும் என்று நம்புவது

டிஎன்எஸ் என்பது இணையத்தின் போன் டைரக்டரி மாதிரி: தளத்தின் பெயரைக் கொடுத்தால் சர்வரின் முகவரியைச் சொல்லும், அவ்வளவுதான். மேட்ச் தொடங்கிய பிறகு அதற்கு வேலையே இல்லை. சில நேரம் கெடுதலும் உண்டு. அகமாய் போன்ற சிடிஎன்கள், டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே பக்கத்து சர்வரை ஒதுக்குகின்றன. பலரும் மாற்றிப் போடும் 1.1.1.1 என்ற கிளவுட்ஃபிளேரின் இலவச டிஎன்எஸ், தனியுரிமைக்காக உங்கள் இருப்பிடத் துப்பை அவர்களுக்கு அனுப்பாது. அதனால் தூரத்து சர்வர் வாய்த்து அப்டேட் ஊர்ந்து வரலாம்.

மேட்ச் நடுவே அப்டேட் ஓட விடுவது

பக்கத்து சிடிஎன் முழு வேகத்தில் கொட்டும்; உங்கள் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் ஆப்பில் டவுன்லோடு வேகத்துக்கு வரம்பு வையுங்கள்.

இலவச விபிஎன்

விபிஎன் உங்கள் பாக்கெட்டுகளை இன்னொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும். வேண்டாம்.

லாகின் ஆகவில்லை என்று கேமையே அழிப்பது

முதலில் அது உங்கள் வீட்டுக் கோளாறுதானா என்று பாருங்கள். 2025 நவம்பர் 18 அன்று, பல தளங்களுக்கு நடுவில் நின்று சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தடுமாறியபோது எக்ஸ், சாட்ஜிபிடி, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் எல்லாமே சேர்ந்து திணறின. அன்று சாயங்காலம் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. ஒருவன் கேமை அழித்துவிட்டு, ரவுட்டரையும் ரீசெட் செய்துவிட்டுத்தான் கூப்பிட்டான். கேம் சர்வர் ராத்திரியே சரியாகிவிட்டது. அவன் வீட்டு ரவுட்டருக்கு நான் மறுநாள் காலையில் போக வேண்டியிருந்தது.