வாட்டர் வாஷ் தொடங்கப் போகிறீர்களா? தண்ணீரை அளந்துவிட்டு மெஷின் வாங்குங்கள்

வாட்டர் வாஷ் வைக்கணும் என்று என்னிடம் வருபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம்ணே?" என்றுதான். மெஷின் கேட்டால் இரண்டு நாளில் வந்துவிடும். தண்ணீர் அப்படி வராது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரே ஒரு வண்டி நிற்கிற இடத்தோடு நான் ஆரம்பித்தபோது இடம் பிடித்தது கார்த்திகை மாதம். போர்வெல்லில் தண்ணீர் பொங்கிக்கொண்டு இருந்தது. சித்திரையில் காற்றுதான் வந்தது. இரண்டு மாதம் டிராக்டர் தண்ணீர் வாங்கி ஓட்டியதில், அதுவரை சம்பாதித்த காசு மொத்தமும் போய்விட்டது. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. தண்ணீர்க் கணக்கு

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பக்கத்துத் தோட்டக்காரரிடமும் எதிர் டீக்கடையிலும், கோடையில் இந்தப் போர் எப்படி ஓடும் என்று கேளுங்கள். பிறகு ஒரு 20 லிட்டர் கேனை வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். மோட்டார் போட்டவுடன் ஒரு முறை, ஒரு மணி நேரம் ஓடியபின் ஒரு முறை. இரண்டாவது கணக்குதான் உண்மையான கணக்கு.

தேவை எவ்வளவு? சாதாரண ஹோஸ் பைப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போகும் என்று வையுங்கள். 15 நிமிடம் திறந்தே இருந்தால் ஒரு காருக்கு 225 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளுகிற பிரஷர் வாஷரில், விசையை அழுத்துகிற நேரம் 8 நிமிடம்தான் வரும். ஃபோம், வாளித் தண்ணீர் எல்லாம் சேர்த்தாலும் 120 லிட்டருக்குள் முடித்துவிடலாம். பைக்குக்கு 40 லிட்டர். ஆக, நாளுக்கு 5 கார், 10 பைக் என்றால் 1,000 லிட்டர். இதுபோல இரண்டு மடங்கு தேக்கி வைக்கத் தொட்டி வேண்டும்.

குடிநீர்க் குழாய் இணைப்பை நம்பி இந்தத் தொழிலில் இறங்காதீர்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். தட்டுப்பாடு வந்தால் எந்த ஊரிலும் முதலில் கை வைப்பது நம் தொழிலில்தான்.

அடுத்தது உப்பு. ஒரு கறுப்பு ஹெல்மெட் மேல் போர் தண்ணீரைச் சில சொட்டு விட்டு வெயிலில் காய வையுங்கள். வெள்ளை வளையம் நின்றால், உங்களிடம் வருகிற ஒவ்வொரு கறுப்புக் காரிலும் அதே வளையம் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் கடைசி அலசலுக்கு மட்டும், உப்புக் கடினத்தைக் குறைக்கிற சாஃப்ட்னர் கருவியில் விட்ட தண்ணீரோ, சேர்த்து வைத்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். காய விடாமல் உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

2. போகிற தண்ணீர்

சேறும் ஆயிலும் கலந்த தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விட்டால், ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டார் அத்தனை பேரும் எதிரியாகிவிடுவார்கள். வரிசையாக மூன்று அறைத் தொட்டி கட்டுங்கள். முதல் அறையில் மண் அடியில் தங்கும். இரண்டாவதில் ஆயில் மேலே மிதக்கும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிற குழாயில், இரண்டாவது அறைப் பக்கம் ஒரு எல்போ போட்டு வாயைக் கீழ்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் மேலே மிதக்கிற ஆயில் அங்கேயே நின்று, அடியில் இருக்கிற தண்ணீர் மட்டும் தாண்டும். இதைக் கொத்தனாரிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். பெரும்பாலும் நேர்க்குழாய் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மூன்றாவது அறைத் தண்ணீரை மணல் ஃபில்டரில் விட்டால், அடிப்பக்கச் சேற்றை உடைக்கிற முதல் அலசலுக்கு மறுபடி ஆகும். பெயின்ட் மேல் மட்டும் அதை அடிக்காதீர்கள், பொடி மணல் கீறிவிடும். வாரம் ஒரு நாள் மண்ணை அள்ள வேண்டும்.

3. காகிதமும் கரண்டும்

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உள்ளாட்சியில் தொழில் உரிமம் வாங்குங்கள். கழிவு நீர் விஷயத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

கடன் வாங்குவதாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் மானியத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் போன்றோருக்கு 25, 35 சதவீதம். இது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மட்டும். கடையைத் திறந்துவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது.

தோட்டத்து இலவச மின்சாரத்தில் வாஷ் மோட்டாரைப் போடக் கூடாது. வணிக இணைப்பு வாங்குங்கள். ஈரத் தரையில் நாள் முழுக்க வேலை செய்கிற பையன்கள் இருக்கிறார்கள். நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்சும் இல்லாமல் ஒரு நாள்கூடக் கடை திறக்காதீர்கள். கம்பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். சேற்றுப்புண் வந்த காலோடு ஒருவன் எப்படி எட்டு மணி நேரம் நிற்பான்?

4. கழுவுகிற முறை

பிரஷர் வாஷர் முனையில் மாட்டுகிற நாசில்களின் நிறத்தைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். சிவப்பு ஊசி மாதிரி ஒரே கோடாகப் பாயும், வண்டி மேல் வேண்டவே வேண்டாம். பச்சை 25 டிகிரி விரியும், வெள்ளை 40. பாடிக்கு இந்த இரண்டும் போதும், ஒரு அடி தள்ளி நின்று அடிக்கட்டும்.

வண்டி வந்ததும் நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறவிடுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் மண் இறங்கட்டும். பிறகு ஃபோம், மூன்று, நான்கு நிமிடம் ஊறட்டும், காயக் கூடாது. ஷாம்பு வாளி ஒன்று, துணி அலச வாளி ஒன்று, சக்கரத்துக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணியை மறுபடி வண்டியில் வைக்காதீர்கள், அந்த ஒரு துடைப்பில் கோடு விழும். பைக்கில் சைலன்சர் வாயை மூடுங்கள். சாவித் துவாரத்திலும் சுவிட்சிலும் நேராக அடிக்காதீர்கள். முடித்ததும் செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) போட்டு, இரண்டு முறை பிரேக் பிடித்துக் காயவைத்துக் கொடுங்கள்.

டீசல் வாஷ் கேட்டு வருவார்கள். செய்யாதீர்கள். ரப்பர் புஷ் ஊறிக் கெடும், கழிவுத் தொட்டியும் வீணாகும்.

5. காசுக் கணக்கு

உதாரணமாக நாளுக்கு 8 பைக், தலா 100 ரூபாய். 4 கார், தலா 400 ரூபாய். மொத்தம் 2,400. மாதம் 26 நாளுக்கு 62,400. இரண்டு பேர் சம்பளம் 30,000, வாடகை 8,000, கரண்ட் 5,000, ஷாம்பு, துணி 4,000, ரிப்பேருக்கு ஒதுக்குவது 3,000. மிச்சம் 12,400. கடன் தவணை இதிலிருந்துதான் போக வேண்டும். அதனால் முதல் ஆண்டு அந்த இரண்டு பேரில் ஒருவர் நீங்களாக இருங்கள். வேலையும் கைவரும்.

6. எப்போது பெரிதாக்குவது

ஒரு நோட்டில் கழுவிய வண்டிகளை எழுதுவதோடு, இடமில்லாமல் திரும்பிப் போன வண்டிகளையும் எழுதுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கூட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அன்று எல்லாக் கடையிலும் வரிசைதான். சாதாரண செவ்வாய், புதன்கிழமைகளில்கூட மூன்று மாதம் தொடர்ந்து வண்டிகள் திரும்பிப் போனால்தான், இன்னொரு வண்டியை நிறுத்திக் கழுவ இரண்டாவது தளம் கட்டலாம்.

அதற்கு முன் செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. காலியாகக் கிடக்கிற வார நாட்களுக்குப் பள்ளி வேன், டாக்சி, காய்கறி லோடு ஏற்றுகிற சின்ன யானை என்று மாதக் கணக்கில் பேசுங்கள். உள் சுத்தம், சீட் ஷாம்பு சேருங்கள். ஒரு வேக்கம் கிளீனர் போதும், தண்ணீரும் அதிகம் ஆகாது. என் கடையில் லாபம் கூடியது இதில்தான்.

இரண்டாவது கிளை கடைசி. நீங்கள் பத்து நாள் ஊரில் இல்லாமல் முதல் கடை ஓடுமா என்று பாருங்கள். ஓடினால், அந்தப் பத்து நாளும் கடையைப் பார்த்துக்கொண்ட பையனைக் கூப்பிட்டு, சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு தருவதாகப் பேசுங்கள். புது இடத்தைப் பார்க்க அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், சித்திரை மாதத்தில்.