மண்வாரி பைக்குள் அடங்கவில்லையா?

காஷ்மீரிலுள்ள குல்மார்க்கின் அபர்வத் மலையில் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியை விட்டு இறங்கி, கண்காணிக்கப்படும் சரிவுகளுக்கு வெளியே பனிச்சறுக்கச் செல்பவர், பனிச்சரிவில் புதைந்தவரைச் சிக்னல் மூலம் கண்டுபிடிக்க உதவும் டிரான்சீவர், பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் கொண்டுசெல்ல வேண்டும். மண்வாரியின் பிடி சிறிய பைக்குள் அடங்காதபோது அதை ரம்பத்தால் அறுத்துவிடத் தோன்றும். அறுக்காதீர்கள், சரிந்து நின்ற பனி காரைபோல் இறுகிவிடுவதால், குட்டைப் பிடியால் அதைத் தோண்டுவது பெரும்பாடு.

மாற்றத்தைப் பையில் செய்வதே நல்லது. பையின் உட்புறத்தில், முதுகுப் பக்கத் துணியில் நைலான் நாடாவை மேலும் கீழுமாக இரண்டு வளையங்களாகத் தைத்து, பிடியை ஒன்றிலும் கோலை மற்றொன்றிலும் செருகி நிறுத்தினால், மண்வாரியின் தகடு மட்டும் தனியே தட்டையாக அமர்ந்துகொள்ளும். ஜிப்பின் நுனியில் தடித்த கயிற்றை வளையமாக முடிந்துவிட்டால் கையுறையைக் கழற்றாமலே திறக்கலாம். பனிச்சரிவில் விரிந்து ஆளைப் பனியின் மேற்பரப்பில் வைத்திருக்க உதவும் காற்றுப்பை பொருத்திய பையாக இருந்தால் ஊசியே வைக்கக் கூடாது. தையல் எங்கே எதைத் துளைக்கும் என்பது வெளியிலிருந்து தெரியாது.

டிரான்சீவரைப் பைக்குள் வைக்காமல், அதன் வாருடன் உடலிலேயே, கைப்பேசியிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி அணியுங்கள். தைத்து முடித்ததும், கையுறையோடு மண்வாரியையும் கோலையும் உருவிப் பொருத்த எத்தனை நொடி ஆகிறது என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.