பழைய கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பினாங்கில் பலருக்குக் கதவு ஜன்னல் ஞாபகம் வருகிறது. போன வருடம் ஜெலுத்தோங்கில் எதிர்வீட்டுத் தம்பி புது டின்னைத் திறந்து, நேராகக் கதவில் பிரஷை வைத்ததைப் பார்த்தேன். பெயிண்ட் வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான். தரையில் பழைய பேப்பர் விரிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

எண்ணெய்ப் பெயிண்டின் மேல் தண்ணீர்ப் பெயிண்ட்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். பழைய வீட்டு மரவேலையில் பெரும்பாலும் இருப்பது எண்ணெய் எனாமல். வருடக்கணக்கில் இறுகி, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும். தண்ணீர்ப் பெயிண்ட் பிடித்துக்கொள்ள அதில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் அடித்த அன்று பார்க்க அருமையாக இருக்கும், அதுதான் கொடுமை.

அக்கா வீட்டில் ஐந்து ஜோடி ஜன்னல், எல்லாம் சாய்வுச் சட்டம் வைத்த பழைய பாணி. "எதில் அடித்தாலும் ஒட்டும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி அப்படியே அடித்துவிட்டேன். தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அப்புறம் தோரணம் ஒட்டிய டேப்பை அக்கா இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் கூடவே வந்தது. "என்னடா, வாழைப்பழத் தோல் மாதிரி உரியுது?" என்றாள். சட்டம் சட்டமாகச் சுரண்டி எடுக்க ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பெயிண்டுக்கு இரண்டாவது முறை வெள்ளி கொடுத்ததும் நான்தான்.

முதலில் சோதித்துப் பாருங்கள். பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் தொட்டு, ஒரு மூலையில் தேயுங்கள். நிறம் இளகிப் பஞ்சில் வந்தால் தண்ணீர்ப் பெயிண்ட். அசையாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய்ப் பெயிண்ட். அடுத்து சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். சாமியறைக் கதவில் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் பிசுக்காகப் படிந்திருக்கும். கழுவாமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கு எல்லா இடத்துக்கும் பரவும். காய்ந்ததும் 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, வழுவழுப்பிலும் பிடிக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கை கொடுங்கள். மரம் தெரியுமளவுக்குத் தேய்க்க வேண்டியதில்லை.

எதிர்வீட்டுத் தம்பியிடமும் இதையெல்லாம் சொன்னேன். "ஒரு கதவுதானே அண்ணே" என்று சிரித்தான். தைப்பூசம் முடிந்து, சுரண்டும் தகடு இரவல் கேட்டு வந்தான்.

ஈயத்தை மறந்து தேய்ப்பது

மிகப் பழைய வீடென்றால் அடி அடுக்குகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி வீடெங்கும் பரவும், குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். நெருப்பால் சுட்டு உரிப்பதும் ஆபத்துதான். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை வாங்குங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். சந்தேகம் அதிகமென்றால் கை வைக்காமல், விவரம் தெரிந்தவரை அழைப்பதே சரி.

கரையான் அரித்த மரத்தில் பட்டி பூசுவது

மரத்தை மாற்றுங்கள்.

மூடிய ஜன்னலுக்கு அடிப்பது

திறந்து வைத்து அடியுங்கள்.

மழை நாளில் அவசரம்

அக்டோபரில் இங்கே மழை கொட்டும். டின்னில் போட்டிருக்கும் காயும் நேரத்தை அந்த ஈரக்காற்றில் நம்ப முடியாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் கதவைச் சாத்தினால், காலையில் கதவும் நிலையும் ஒன்றாகியிருக்கும். முதல் இரண்டு மூன்று இரவுகள் கதவைச் சாத்தாமல், நடுவில் ஒரு துண்டு அட்டையைச் செருகி வையுங்கள். வாசல் கதவென்றால் காலையிலேயே வேலையை முடித்துவிட்டு, இரவு இரும்புக் கேட்டை மட்டும் பூட்டுங்கள்.