கூட்டாட்சி நாட்டில் பொது மருத்துவத்தின் பொறுப்பும் பணமும் யாரிடம் என்று கண்டறிவது எப்படி?

மருத்துவமனையை நடத்துவது யார், அதற்குப் பணம் தருவது யார் என்ற இரண்டு கேள்விகளையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சி நாடுகளில் இவ்விரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பது அரிது. தேடும் முறையைக் கனடாவை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அரசமைப்பைப் படிக்க வேண்டும். கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் 92(7)ஆம் பிரிவு மருத்துவமனைகளை நிறுவி நடத்தும் பொறுப்பை மாகாணங்களுக்கு அளிக்கிறது. எங்கே மருத்துவமனை கட்டுவது, மருத்துவருக்கு எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு தருவது என்பவை மாகாணத்தின் முடிவுகள். அறுவைச் சிகிச்சைக்கு நீண்ட காலம் காத்திருப்பவர் முறையிட வேண்டிய இடமும் மாகாண அரசுதான், தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு அன்று.

அடுத்து, மத்திய அரசின் பணத்தோடு வரும் நிபந்தனைகளைத் தேடுங்கள். தனக்கு நேரடி அதிகாரம் இல்லாத துறையில் ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், சொல் எடுபடுவது அவற்றால்தான். 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் ஐந்து நிபந்தனைகளை வைக்கிறது: மாகாணக் காப்பீட்டுத் திட்டத்தை இலாப நோக்கமற்ற பொது அமைப்பு நிர்வகிக்க வேண்டும், மருத்துவ நோக்கில் தேவையான மருத்துவமனை, மருத்துவர் சேவைகள் அனைத்தும் அதில் அடங்க வேண்டும், குடியிருப்போர் எல்லோருக்கும் அது பொருந்த வேண்டும், வேறு மாகாணத்துக்குச் சென்றாலும் காப்பு தொடர வேண்டும், கட்டணம் சிகிச்சைக்குத் தடையாகக் கூடாது. முதல் நிபந்தனையைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். பொதுவில் இருக்க வேண்டியது காப்பீடே தவிர மருத்துவரின் கிளினிக் அன்று. மருத்துவர்களில் பெரும்பாலோர் அங்கே சுயதொழில் செய்பவர்களே, மாகாணத்துக்கு பில் அனுப்பிப் பணம் பெறுகிறார்கள். காப்பீடு ஏற்கும் சேவைக்கு அவர் நோயாளியிடம் கூடுதலாக 100 டாலர் வாங்கினால், மாகாணத்துக்கு வரும் மத்திய நிதியில் அதே 100 டாலர் கழிக்கப்படும். தண்டனை மருத்துவருக்கு அன்று, அவரைத் தடுக்காத மாகாணத்துக்கு.

மூன்றாவதாக, பணம் எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவமனைச் செலவில் ஏறக்குறையப் பாதியை ஒட்டாவா ஏற்றதால், மாகாணம் கூடுதலாகச் செலவழித்தால் மத்திய அரசின் பங்கும் ஏறியது. 1977இல் அது செலவோடு பிணைக்கப்படாத மொத்த நிதியாக மாறியது. அதன் ஒரு பகுதி ரொக்கம், மறுபகுதி மாகாணங்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட வரி. மத்தியப் பங்கு இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால், விட்டுக்கொடுத்த வரியையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கேளுங்கள். மாகாணங்கள் ரொக்கத்தை மட்டும் கணக்கிடும், ஒட்டாவா இரண்டையும் சேர்க்கும். இரு தரப்பும் பொய் சொல்லாமலேயே பல ஆண்டுகள் சண்டையிட்டிருக்கின்றன. 2014 முதல் சுகாதார நிதி தலைக்கு ஒரே தொகையாகப் பகிரப்படுவதால், முதியோர் மிகுந்த நோவா ஸ்கோஷியாவும் இளையோர் மிகுந்த ஆல்பர்ட்டாவும் தலைக்குச் சமமாகவே பெறுகின்றன.

கடைசியாக, விதிவிலக்குகள். மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்தும் வழக்கமான பல் சிகிச்சையும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. இராணுவத்தினருக்கும் மத்தியச் சிறைக் கைதிகளுக்கும் ஒட்டாவாவே நேரடியாகச் செலவு செய்கிறது.

இதே கேள்விகளை ஜெர்மனியிடம் கேட்டால் விடை வேறு. அங்கே 1972 முதல் மருத்துவமனைக் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மாநிலங்களும், அன்றாடச் சிகிச்சைச் செலவுக்கு நோய்க் காப்பீட்டு நிதியங்களும் பொறுப்பு. ஆகவே அங்கே மத்திய பட்ஜெட்டை மட்டும் புரட்டுபவருக்குப் பெரும்பகுதிச் செலவு கண்ணில் படாது.