விமானத்திலிருந்து விழும் பொருள்: முதலில் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வகைக் கணக்கில் பலர் சறுக்குவது முதல் வரியிலேயேதான். பொருளை 'போட்டார்கள்' என்றதும் தொடக்க வேகம் சுழி என்று எழுதிவிடுகிறார்கள். செங்குத்துத் திசைக்கு மட்டும்தான் அது சரி. கிடைத்திசையில் விமானத்தின் வேகம் அப்படியே பொருளுக்கும் உண்டு.

500 மீட்டர் உயரத்தில், மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் கிடையாகப் பறக்கும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை உடனே மாற்றிவிடுங்கள்: 3.6 ஆல் வகுத்தால் வினாடிக்கு 100 மீட்டர். அப்புறம் உயரத்தை வைத்து நேரம்: இரு மடங்கு உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் (10 என்று கொள்வோம்) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 10 வினாடி. கிடைத்தூரம் 100 × 10 = 1000 மீட்டர். நேரம் கிடைத்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

தரையைத் தொடும் வேகம் கேட்டால் இரண்டு வேகங்களையும் நேரடியாகக் கூட்டாதீர்கள். செங்குத்து வேகமும் (முடுக்கம் × நேரம் = 10 × 10) இங்கே 100தான். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் வினாடிக்குச் சுமார் 141 மீட்டர், தரையோடு கோணம் 45 பாகை.

காற்றுத்தடை இல்லை, விமானமும் அதே வேகத்தில் நேராகப் போகிறது என்றால், பொருள் விழும் கணத்தில் விமானம் அதற்கு நேர் மேலே இருக்கும். இது அழகான விஷயம், தேர்விலும் கேட்பார்கள்! விமானம் சாய்வாக மேலேறும்போதோ கீழிறங்கும்போதோ போட்டால் செங்குத்துத் தொடக்க வேகம் சுழி ஆகாது. அங்கே கூட்டல், கழித்தல் குறியைக் கவனித்துப் போடுங்கள்.