தகவலறிக்கையையும் உரைத்துப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்க வருபவர், விலை பேசும் முன்பே வெள்ளி எத்தனை டச், அதாவது எவ்வளவு தூய்மை என்று கேட்டுவிடுவார். அதே மனிதர் புதிய பங்கு வெளியீட்டுக்குப் பணம் கட்டும்போது, நிறுவனம் தன்னைப் பற்றி வெளியிடும் தகவலறிக்கையின் (prospectus) அட்டையைக்கூடப் புரட்டுவதில்லை. புரட்டியிருந்தால், அதில் உள்ளவை சரியானவை என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சான்றளிக்கவில்லை என்ற வாசகம் முன்பகுதியிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

1992 வரை வெளியீட்டுக்கு அனுமதி தந்து விலையையும் கட்டுப்படுத்தியது மத்திய அரசு. அந்த முறை நீங்கிய பின், நிறுவனம் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும், எடை போடுவது முதலீட்டாளரின் வேலை என்பதே சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே வாசிக்காதவருக்கு இந்தப் பாதுகாப்பில் பாதி கிடைக்காமலே போகிறது.

செபியின் இணையதளத்தில் வரைவு அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். குறைந்தது 21 நாட்கள் அது பொதுமக்களின் கருத்துக்குத் திறந்திருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். முதலில் இடர்க் காரணிகளைப் படியுங்கள். எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுப் பேச்சைத் தள்ளிவிட்டு, எண்களோடு வரும் வரிகளில் நில்லுங்கள்: வருவாயில் பெரும்பங்கு ஓரிரு வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா, தணிக்கையாளர் ஏதேனும் ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா, எந்தெந்த வழக்குகள் நிலுவையில் உள்ளன? அடுத்து, திரட்டும் பணம் எதற்கு என்ற பகுதி. பழைய பங்குதாரர்கள் தம் பங்கை விற்கும் வெளியீடாக இருந்தால், அந்தத் தொகையில் ஒரு ரூபாயும் நிறுவனத்துக்குப் போகாது. நிறுவனத்தைத் தொடங்கி நடத்தும் புரமோட்டர்களின் குடும்ப நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனும் வாடகையும் ‘தொடர்புடையோர் பரிவர்த்தனைகள்’ என்ற பகுதியில் இருக்கும். நான் அதிக நேரம் செலவிடுவது அங்கேதான்.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பொய் சொல்வதை மட்டுமல்ல, தவறான எண்ணம் தரும்படி ஒன்றை மறைப்பதையும் குற்றமாக்குகிறது. மோசடிக்கான தண்டனை பத்தாண்டு சிறை வரை நீளும். அறிக்கையை நம்பிப் பங்கு வாங்கி நட்டப்பட்டவர், 35ஆம் பிரிவின்படி இயக்குநர்களிடமும் புரமோட்டர்களிடமும் இழப்பீடு கோரலாம். அதனால் படித்த பிரதியையும் விண்ணப்ப ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

அறிக்கையே இல்லாமல், வாட்ஸ்அப்பில் வண்ணத்தாள் அனுப்பித் தெருத்தெருவாகப் பங்கு விற்றால் விலகிவிடுங்கள். பொதுமக்களை அழைக்காமல் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தரும் தனிப்பட்ட ஒதுக்கீடு என்று சொன்னாலும், தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்களும் பங்குத் திட்டத்தில் பெறும் ஊழியர்களும் நீங்கலாக, ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அப்படி வழங்க முடியாது. பட்டியலிட்ட நிறுவனத்தின் மீது குறை இருந்தால், முதலில் அந்நிறுவனத்துக்கு எழுதிவிட்டு, பிறகு செபியின் ஸ்கோர்ஸ் (SCORES) என்ற இணையப் புகார் தளத்தில் பதியுங்கள். வைப்புத்தொகை வாங்கி ஏமாற்றியவர் என்றால் அங்கே போய்ப் பயனில்லை. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பொருளாதாரக் குற்றப் பிரிவு காவல்துறையிடம் புகார் கொடுக்க வேண்டும்.